சொந்தப் பாவனை

ரூஜ், ஸ்காபரோ, கனடா
2023 நவம்பர் 12

அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

வியாழக்கிழமை தொலைபேசியில் நடந்ததைப் பற்றி நான் வாதாட விரும்பவில்லை. யார் முதலில் குரலை உயர்த்தினார் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. உனக்கும் ஒன்று இருக்கும். இருவரில் ஒருவர் அழைப்பைத் துண்டிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆகவே வீடு சம்பந்தமான எதையும் இனிக் கடிதத்தில் மட்டும் பேசுவோம் என்று முன்மொழிகிறேன். தொலைபேசியில் உன் உடல்நலத்தையும் மகள் ஸ்டெபனியின் படிப்பையும் மட்டும் விசாரிப்பேன். எழுதும்போது மனிதர் தம் கோபத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க நேர்கிறது. மன்னாரில் வழக்காடிய காலத்தில் நான் கற்ற சில பயனுள்ள விடயங்களில் இதுவும் ஒன்று.

நிலைமை இதுதான். வங்கி வீட்டுக்கடனைப் புதுப்பித்தபோது மாதத் தவணை ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. அதைச் சமாளிக்கவே நீ எல்லை கடந்து அமெரிக்காவுக்கு, ரொச்செஸ்டர் முதியோர் இல்லத்தில் தாதி வேலைக்குப் போனாய். அதை நான் மறக்கவில்லை. வீட்டை இப்போதே விற்றுவிட்டு உன்னுடன் வந்து இருக்கச் சொல்கிறாய். இன்றைய விலைக்கு விற்றால் வங்கிக்குக் கொடுத்தபின் நம் கையில் மிஞ்சுவது மிகச் சொற்பம். மேலும், உன் விசாவின் கீழ் நான் அங்கே வசிக்கலாம், உழைக்க இயலாது. வாடகை வழக்குகள் போன்றவற்றை நடத்த எனக்கிருக்கும் பராலீகல் உரிமமும் ஒன்ராறியோவின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. வட்டி இறங்கும்வரை பொறுத்திருப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

நிலக்கீழ்த் தளத்தில் இருக்கும் தியாகலிங்கம் அண்ணை மூன்றாவது மாதமாக வாடகை தரவில்லை. காவலாளி வேலை போய்விட்டதாம். எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏதும் அவருடன் இல்லை என்பதை நீ அறிவாய். ஊரிலுள்ள வீட்டுக்காரர்களுக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் நான், மன்னார் நீதிமன்றத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த மனிதரிடம் ஒப்பம் கேட்கக் கூச்சப்பட்டேன்.

உன் பதிலை எதிர்பார்த்து,
சீமோன்


ரொச்செஸ்டர்
2023 டிசம்பர் 3

இஞ்சாருங்கோ,

உங்கட கடிதத்தை வாசிக்க எனக்கு நோட்டீஸ் வந்தமாதிரி இருந்தது. உசிதமாம், அபிப்பிராயமாம். எனக்கு உப்பிடி எழுத வராது. கதைக்கிறமாதிரித்தான் எழுதுவன்.

இஞ்ச வாடகை ரொறன்ரோவின்ர பாதி எண்டு என்னை இஞ்ச வேலைக்குக் கூப்பிட்ட நதீஷா சொன்னது பொய்யில்லை. மிச்சத்தை அவள் சொல்லேல்லை. அவளுக்குப் புருசன்ர கார் இருக்கு. எனக்கு பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகேலாது, அதாலை கார் வாங்கினன். காருக்கு இன்சூரன்ஸ், பனிக்கு வேற ரயர். வீடு பழசு, ஹீற்றரைக் கூட்டினால் பில் வருது, குறைச்சால் கால் விறைக்குது. வேலையிடத்தில மருத்துவக் காப்புறுதிக் காட் ஒண்டு தந்திருக்கினம். ஆனா வருசத்தில முதல் வாற செலவெல்லாம் என்ர தலையில. என்னோட வேலை செய்யிற தாதி ஒருத்தி தன்ர பிறஷர் குளிசையைப் பாதியாய் முறிச்சுப் போடுறா. "ஏன் உப்பிடிச் செய்யிறாய்?" எண்டு கேட்டன். "மாதம் நீளமாயிருக்கு" எண்டா. அவ நோயாளியளுக்கு அரைமணித்தியாலம் பிந்தாமல் மருந்து குடுக்கிறவ.

ஒன்ராறியோத் தாதிப் பதிவையும் இந்த வருசம் விட்டிட்டன். இரண்டு பக்கமும் காசு கட்டேலாது.

இப்ப விசயத்துக்கு வாறன். தியாகலிங்கம் அண்ணையை வாடகைப் பாக்கிக்கு வீட்டை விட்டு எழுப்பினால் ஊர் முழுக்கக் கதை வரும், அந்தாளுக்கும் அவமானம். சொந்தப் பாவனைக்கு வேணும் எண்டு நோட்டீஸ் குடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம். உங்களிட்ட வாற ஆக்கள் எத்தினை பேருக்கு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறியள்? ஒருத்தரும் போய் இருக்கிறேல்லை. அவர் போனாப்பிறகு நல்ல வாடகைக்கு விடலாம். நான் இஞ்ச கிழவிமாரைத் தூக்கித் தூக்கி முதுகு முறியிறன், நீங்கள் அங்க கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறியள்.

பேர்ணடெற்


ரூஜ்
2024 சனவரி 21

அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். அறிவித்தலை நானே கீழே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். தபாலில் அனுப்பியிருந்தால் சுலபமாயிருந்திருக்கும்.

அவர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தேடவில்லை; "நீங்களே சொல்லுங்கோ சேர், உதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"இந்தப் பகுதி சொந்தப் பாவனைக்கு வேணுமெண்டு, அண்ணை."

"ஆர் வந்து இருக்கப்போகினம்?"

"நான்தான்."

அவர் மேலே கூரையைப் பார்த்தார். அதற்கு மேலே நம் நான்கு அறைகளும் வெறுமையாயிருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். என் ஒற்றைக் காலடிச் சத்தத்தைத் தினமும் கேட்கிறவர் அவர். "மேல இடம் காணாதோ, சேர்?" என்று சிரித்தார். பரிகாசம் போலவும் இருந்தது, கவலை போலவும் இருந்தது. பிறகு, "சத்தியக் கடதாசியும் போட்டிட்டியளோ?" என்றார்.

வழக்குத் தாக்கல் செய்வதாயின், அந்த இடத்தில் குறைந்தது ஒரு வருடம் குடியிருக்கும் உண்மையான எண்ணம் எனக்கு உண்டு என்று சத்தியக் கடதாசி இணைக்க வேண்டும். முன்னெச்சரிக்கையாக அதையும் தயாரித்து, பைபிளில் கைவைத்து ஒப்பமிட்டிருந்தேன். ஓம் என்றேன்.

"அப்ப சரி" என்றார் அவர். "உங்கட சத்தியக் கடதாசியளை எத்தினை தரம் கோட்டில நிண்டு சிங்களத்தில சொல்லியிருப்பன். ஒண்டும் பொய்யாய்ப் போனதில்லை."

தேநீரில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். குடித்தேன். மார்ச் முடிவில் போய்விடுவதாகச் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் ஒன்று கிடைத்துவிடும் என்ற பயம்.

சீமோன்


நிலக்கீழ்த் தளம்
ரூஜ்
2024 ஏப்ரல் 14

அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

தியாகலிங்கம் அண்ணை போய்விட்டார். சட்டப்படி கொடுக்கவேண்டிய ஒரு மாத வாடகைப் பணத்தைக் கொடுத்தேன். தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லி மறுத்தார். வற்புறுத்தி வாங்கவைத்தேன். வீட்டின் மற்றைப் பகுதி கோயம்புத்தூரிலிருந்து வந்த மூன்று கணினிப் பொறியாளர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் விடப்பட்டுள்ளது. இம்முறை எல்லாம் எழுத்தில். தவணை தவறாமல் போகும்.

உன் இருமல் சுகமா?

சீமோன்


ரொச்செஸ்டர்
2024 மே 5

இஞ்சாருங்கோ,

கடிதத்தை உடைக்க முதலே எனக்கு விளங்கிவிட்டுது. அனுப்புறவரின்ர இடத்தில நிலக்கீழ்த் தளம் எண்டு எழுதியிருக்கு. முதல் நினைச்சன், பழக்கதோசத்தில தியாகலிங்கம் அண்ணையின்ர விலாசத்தை எழுதிப்போட்டியள் எண்டு. பிறகு உங்களை எனக்குத் தெரியாதா? நீங்கள் விலாசம் பிழையாய் எழுதுற ஆளில்லை.

நான் எழுதச் சொன்னனே ஒழிய, போய் இருக்கச் சொன்னனானா? கீழ ஒரு யன்னல். அதுக்குள்ளால பாத்தால் மற்ற வீட்டுக் குப்பைவாளி. உங்களுக்கு நெஞ்சில சளி கட்டுறது. மேல என்ர அடுப்பில ஆரோ தெரியாத பெடியள் சமைக்கிறாங்கள். என்ர கட்டிலில ஆர் படுக்கிறான்?

ஸ்டெபனி ஒட்டாவாவில இருந்து வந்தால் எங்க படுப்பாள்? அவளுக்கும் நீங்கள் சொல்லேல்லையாக்கும் எண்டு நினைச்சன். கேட்டன். "அம்மா, ஐ டோண்ட் வோண்ட் டு டோக் அபவுட் இற்" எண்டாள். அப்ப அவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் உறையில பாத்துத் தெரியவேண்டியிருக்கு.

ஊரில வக்கீலாயிருக்கேக்க நீங்கள் பொய் சொன்னதேயில்லையோ? ஒருக்கால் பொய் சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சிருக்கும்?

பேர்ணடெற்


நிலக்கீழ்த் தளம்
ரூஜ்
2024 சூன் 16

அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

உன் கேள்வி நியாயமானது. பதிலும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பிறருக்காக இத்தகைய அறிவித்தல்கள் எழுதியபோது அவர்களின் எண்ணம் என் பொறுப்பன்று என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இம்முறை எண்ணம் என்னுடையது. ஒருவருடைய ஒரே கூரையை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்காக நான் சொன்ன காரணமாவது மெய்யாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நல்லது என்று நான் வாதிடவில்லை. நல்லது செய்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார்.

மேலேயுள்ள பிள்ளைகள் பிழையானவர்கள் அல்ல. மனோஜ் என்றொருவன் சாம்பார் வைத்தால் ஒரு கிண்ணத்தில் கொண்டுவருவான். "அங்கிள், சத்தம் போட்டா கீழ இருந்து குச்சியால தட்டிடுங்க" என்பான். அவர்கள் நடப்பதைக் கேட்கப் பழகிவிட்டேன். யார் குளிக்கிறார்கள், யார் வேலைக்குப் பிந்திவிட்டார்கள் என்பதுகூடத் தெரிகிறது. இத்தனை காலமும் தியாகலிங்கம் அண்ணை நம்மை இப்படித்தான் அறிந்திருப்பார். நம்முடைய சண்டைகளையும் கேட்டிருப்பார்.

ஸ்டெபனி மே மாத நீண்ட விடுமுறையில் வந்தாள். சோபாவில் படுத்தாள். காலையில் மேலே குழாய் ஓடும் சத்தம் கேட்டு எழும்பியிருந்து, "அப்பா, திஸ் இஸ் யுவர் ஓன் ஹவுஸ்" என்றாள். நான் சட்ட விளக்கம் ஒன்று சொல்லத் தொடங்கினேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த மார்ச் முடிவில் ஒரு வருடம் பூர்த்தியாகும். அதன்பின் வீட்டை விற்கச் சம்மதிக்கிறேன். எழுத்தில் தருகிறேன்: சம்மதிக்கிறேன்.

சீமோன்


ரொச்செஸ்டர்
2025 சனவரி 19

இஞ்சாருங்கோ,

இதைப் போனில சொல்லியிருக்கலாம், நீங்கள் சுகம் கேக்கேக்க வாய் வரேல்லை. வீட்டு விசயமும் இதில இருக்கு, எங்கட சட்டப்படி எழுதவேண்டியதாக்கும்.

நத்தாருக்கு முதல் கிழமை கார் நிப்பாட்டுற இடத்தில ஐஸில வழுக்கி விழுந்திட்டன். வலது கை மணிக்கட்டு. நான் தாதி, பாத்தவுடனே தெரியும் எக்ஸ்ரே எடுக்கவேணும் எண்டு. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டோ எண்டு ஓடிவந்த பொடியனை வேண்டாம் எண்டு கையெடுத்துக் கும்பிட்டன், அந்தக் கையாலையே. வீட்ட போய்ப் பலகைத்துண்டு ஒண்டை வைச்சுக் கட்டினன். பில்லை நினைக்க நோவு தெரியேல்லை. குளிசை முறிச்சவளுக்குப் புத்தி சொன்ன ஆள் நான்.

அது பொருந்தேல்லை. கோணிப்போச்சு. இப்ப ஒரு ஆளைத் தூக்கேலாது, ஒரு போத்தல் மூடி திறக்கேலாது. வேலையிடத்தில நல்லபடியாய்த்தான் கதைச்சினம். நல்லபடியாய்த்தான் நிப்பாட்டினவை. வேலை போனால் விசாவும் போட்டுது, கொஞ்சநாள் அவகாசம், அவ்வளவுதான். காரை வித்துப்போட்டு பஸ்ஸில வருவன்.

நான் வரப்போறன், சீமோன். எங்க வாறது எண்டு மட்டும் சொல்லுங்கோ. பேஸ்மென்ற் எண்டாலும் பரவாயில்லை. குப்பைவாளியைப் பாத்துக்கொண்டு இருப்பம். இடக்கையால எழுதினது, வாசிக்கக் கஷ்டமாயிருக்கும்.

பே.


நிலக்கீழ்த் தளம்
ரூஜ்
2025 பெப்ரவரி 16

அன்புள்ள பேர்ணடெற்,

உன் கையெழுத்தைக் கண்டதும் வேறு யாரோ எழுதியதென்று எண்ணினேன். நான் அருகில் இருந்திருந்தால் உன்னை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றிருப்பேன். இதை எழுத எனக்கு உரிமை இல்லை. அருகில் இல்லாதிருக்கத் தீர்மானித்தவன் நான்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லவேண்டும். மேலேயிருந்த மூவரில் இருவருக்கு வேலை போயிற்று. இலையுதிர் காலத்திலிருந்து வாடகை வரவில்லை. வாடகைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துவிட்டு, என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அதே வாக்கியத்தை எனக்கே சொல்லிக்கொண்டு காத்திருந்தேன்: வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். மனோஜ் கண்ணில் நீரோடு வந்து மன்னிப்புக் கேட்டான். மற்றவர்களோடு அவனும் கார்த்திகையில் போய்விட்டான். உன்னிடமிருந்து வந்த பணத்தால் மட்டும் தவணை நிரம்பவில்லை. விண்ணப்பம் கூப்பிடப்படுமுன் வங்கியின் கடிதம் வந்துவிட்டது. வீட்டை வங்கியே விற்கிறது. மார்ச் பதினான்காம் திகதி சாவியை ஒப்படைக்கவேண்டும்.

ஒரு வருடம் பூர்த்தியாகச் சில நாட்களே குறைகின்றன. என் சத்தியக் கடதாசியில் எண்ணம் என்றுதான் எழுதினேன்; எண்ணம் இருந்தது; சட்டத்தின்முன் நான் குற்றவாளி அல்லன். இந்த வாக்கியத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒருமுறையும் அது எனக்கு உதவவில்லை. நீ முதலிலேயே விற்கச் சொன்னாய். விற்றிருந்தால் சொற்பமாவது மிஞ்சியிருக்கும்.

சென்ற சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் தியாகலிங்கம் அண்ணையைக் கண்டேன். காணாததுபோல் மரக்கறிப் பக்கம் திரும்பினேன். அவர்தான் கூப்பிட்டார். "என்ன சேர், வெண்டிக்காயைக் குறுக்கு விசாரணை செய்யிறியளோ?" என்றார். வீட்டைப் பற்றி அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு அறையில் இருக்கிறார். இரண்டு கட்டில், ஒன்று வெறுமை. "வாடகையில பாதி தாங்கோ. ஆனா இந்தமுறை எழுதித்தான், சேர்" என்று மடித்த தாளொன்றை எடுத்தார். அழகான கையெழுத்து, நீதிமன்றத் தமிழ். எந்தக் காரணத்துக்காகவும், சொந்தப் பாவனைக்கென்றுகூட, இவரை எழுப்பமாட்டேன் என்று எழுதியிருந்தார். "பிழையிருந்தால் திருத்துங்கோ" என்றார்.

அந்த வாசகத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. அவரே இன்னொருவரின் குடியிருப்பாளர். நாளைக்கு அவரையும் எழுப்பலாம். அதை நான் சொல்லவில்லை. ஒப்பமிட்டேன்.

பேர்ணடெற், அந்த வீட்டில் ஆண்கள் மட்டும். உன்னை எங்கே வரச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இது போன்ற ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எழுதியதில்லை.

சீமோன்


ரூஜ்
2025 ஏப்ரல் 27

இஞ்சாருங்கோ,

விலாசத்தைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. வேற வீடு. நான் திரும்பி வந்த கிழமையே கோயிலில ஒரு ஆள் சொல்லிக் கிடைச்ச வேலை. எண்பத்தாறு வயது மனுசி. தூக்கிற வேலையில்லை, மருந்து குடுக்கிறது, பக்கத்து அறையில படுக்கிறது. சாப்பாடும் அறையும் தருகினம், கையில வாறது கொஞ்சம். ஒரு ஆளுக்குத்தான் அறை. புருசன் வந்து போகலாமோ எண்டு கேட்டன். மகள்காரி சிரிச்சுக்கொண்டு, "அன்ரி, அம்மா கெற்ஸ் நேர்வஸ் வித் மென்" எண்டாள்.

மனுசியை வீல்செயரில தள்ளிக்கொண்டு போற வழியிலதான் எங்கட வீடு. முன்கதவுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிச்சிருக்கினம். நேற்றுப் புல்லில ஒரு போர்ட் நட்டிருக்கு: பேஸ்மென்ற் வாடகைக்கு. நான் வீல்செயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு சிரிச்சன். மனுசி என்ன பகிடி எண்டு கேட்டா.

பகிடியாய்த்தான் தொடங்கினது. ஆனா இரவு முழுக்க யோசிச்சன். நீங்கள் அதை எடுத்தால் என்ன? இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் வந்து சமைச்சுப்போட்டுப் பின்னேரம் திரும்புவன். உங்கட சத்தியக் கடதாசியின்ர மிச்ச நாளையும் இருந்து முடிச்சிடலாம். போய்க் கேளுங்கோ. கேக்கிறதுக்குக் காசில்லைத்தானே.

பேர்ணடெற்


அஜின்கோர்ட்
2025 மே 11

அன்புள்ள பேர்ணடெற்,

போனேன். வெள்ளைச் சட்டை அணிந்து, சப்பாத்துத் துடைத்துப் போனேன்.

வீட்டுக்காரி அபர்ணா என்ற இளம் பெண். மரியாதையானவள். பக்கவாசலால் என்னைக் கீழே அழைத்துப்போனாள். இருட்டில் மின்விளக்கின் ஆளியைச் சுவரில் தடவித் தேடினாள். அது கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குச் சாம்பல் நிறம் பூசியிருக்கிறார்கள். யன்னல் அதேதான். நான் கொடுத்துவந்த தவணையே தங்களுக்கும் நெரிக்கிறது என்பதை அவள் சொல்லாமலே வாடகைத் தொகையிலிருந்து விளங்கிக்கொண்டேன். அவர்களும் எத்தனை காலம் மேலே இருப்பார்களோ தெரியாது.

"அங்கிள், கிரெடிற் ரிப்போட் ஒண்டு வேணும், வேலைக் கடிதமும்" என்றாள். வங்கி வீட்டை விற்ற ஒருவனின் கடன் அறிக்கையில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தலையாட்டினேன். பிறகு கேட்டாள்: "முந்தி இருந்த இடத்தின்ர லான்ட்லோர்ட் ஆர்? அவரிட்ட ஒரு ரெஃபரன்ஸ் எடுக்கலாமோ?"

நீ கேட்டாயே, ஒருமுறை பொய் சொன்னால் என்ன குறையும் என்று. அப்போது அது நினைவுக்கு வந்தது. ஒரு பெயர் சொன்னால் போதும். தியாகலிங்கம் அண்ணை தொலைபேசியில் எனக்காக எதையும் சொல்லியிருப்பார்.

"நான்தான்" என்றேன்.

அவள் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அறிவிப்பதாகச் சொன்னாள். நேற்று அறிவித்தாள்: வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பண்பாகவே எழுதியிருந்தாள்.

திரும்பும்போது நீ இருக்கும் தெருவழியே நடந்தேன். மேல்மாடியில் ஒரு யன்னலில் வெளிச்சம் இருந்தது. அது உன் அறையா அந்த அம்மாவுடையதா என்பது எனக்குத் தெரியாதபடியால் நான் நிற்கவில்லை.

மணிக்கட்டை இங்கே ஒரு மருத்துவரிடம் காட்டு. உன் சுகாதார அட்டை திரும்பச் செல்லுபடியாகும்வரை பொறுத்திராதே. செலவை நான் எப்படியாவது தருவேன். எப்படி என்று கேளாதே.

இதுவரை உனக்கு எழுதிய எல்லாவற்றிலும் வெளிநாட்டு முத்திரை ஒட்டினேன். நேற்று விலாசமெழுதிய உறையோடு தபாலகம் போய், பழக்கத்தில் அதையே கேட்டுவிட்டேன். விலாசத்தைப் பார்த்த பெண், உள்நாட்டு முத்திரை போதும் என்று மாற்றித் தந்தாள். இங்கிருந்து நீ இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்துவிடலாம். கடிதம் வந்து சேர மூன்று நாளாகும் என்றாள்.

சீமோன்